உலக இசை படிக்க இலவச இடங்கள்

வணக்கம். எங்கே தொடங்குவது என்று கேட்டவர்களுக்கு: முதலில் குளோபல் ஜூக்பாக்ஸ் தளம். அமெரிக்க நாட்டுப்புற இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸின் ஆய்வில் வளர்ந்த தொகுப்பு, 2017-ல் இணையத்துக்கு வந்தது. வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தட்டினால் அந்த மக்களின் பாட்டைக் கேட்கலாம்.

அப்புறம் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இசை வெளியீட்டகம். ஆல்பங்களுக்குக் காசு உண்டு. ஆனால் அவற்றோடு வரும், பாட்டுகளை விளக்கும் குறிப்பேடுகளை பிடிஎஃப் ஆக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். என்னைக் கேட்டால் பாட்டை விட அதுவே பெரிய பாடம்.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உலோகத் தாளக் கருவிகள் சேர்ந்து ஒலிக்கும் கமெலான் இசையைக் கேட்கும்போது, பெரிய கோங்கின் (தொங்கும் வெண்கல வட்டு) அடி எங்கே விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஒரு சுற்று முடிவது அங்கேதான். அதன் இரண்டு சுர வரிசைகளில், ஸ்லெண்ட்ரோவில் 5 சுரம், பெலோக்கில் 7. இந்தச் சுரங்களை ஹார்மோனியத்தில் தேட வேண்டாம், அகப்படாது.

காணொளி வேண்டுமா? யுனெஸ்கோவின் யூடியூப் பக்கம் இருக்கிறது. எதையும் ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கோங்கின் அடிநாதம் சரியாக வராது.