அதிகாரம் எவ்வளவு என்று அளந்து சொல்லட்டும்

ஆசிரியருக்கு,

தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். அவ்விதிகளுக்கு அடிப்படையான, 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவுகள் 44தான். அரசு பிறகு விதிகள் வகுத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்ட இடங்களோ ஏராளம். எந்த அரசு அமைப்புக்குச் சட்டத்திலிருந்து விலக்களிப்பது என்பதைக்கூட 17ஆவது பிரிவின்படி மத்திய அரசே அறிவிக்கையில் முடிவு செய்யலாம். படிவம், கட்டணம் போன்றவற்றை அதிகாரிகளிடம் விடுவது வேறு. இது கொள்கை முடிவு.

விதிகள் வகுக்கும் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைக்கும் மசோதாக்களுடன் விளக்கக் குறிப்பு இணைக்க வேண்டும் என்கிறது மக்களவை நடைமுறை விதி 70. 'இவை நடைமுறை விவரங்களே' என்ற வாய்பாட்டுடன் அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மாநில அரசுத் துறையொன்றில் விதிகள் வரைந்தவன் நான். சட்டப்பேரவையில் வைத்த பிறகு உறுப்பினர் எவரும் அவற்றைக் கேள்வி கேட்டதாக நினைவில்லை. எத்தனை பிரிவுகளில் அதிகாரம் கைமாறுகிறது, அவற்றில் வரம்பே இல்லாதவை எத்தனை என்று எண்ணிக்கையோடு அக்குறிப்பில் தருவதைக் கட்டாயமாக்கலாம்.

– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மதுரை