முக அசைவு மென்பொருளின் குறைபாடும் சேவைப் பிரிவின் அலைக்கழிப்பும்: இறுதிப் புகார்

அனுப்புநர்:
ஸ்டுடியோ உரிமையாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 25-06-2025

பொருள்: அப்டேட்டுக்குப் பின் மென்பொருள் பயனற்றுப் போனது, உரிமம் முடக்கப்பட்டது, இழப்பீடு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கல்யாண வரவேற்புக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் வைக்கும் பிளக்ஸ் பேனர்களுக்கு வேடிக்கைப் படங்கள் செய்து தருவதும், மண்டபத்து எல்.இ.டி. திரையில் ஓட்டுவதற்காக வீட்டுப் பெரியவர்களின் பழைய புகைப்படங்களைக் கண் சிமிட்டவும் சிரிக்கவும் வைத்துத் தருவதும்தான் என் வருமானத்தின் பெரும்பகுதி. இதற்காகவே கடந்த ஜனவரியில் ரூ. 18,500 செலுத்தி உங்கள் மென்பொருளின் ஓராண்டு உரிமத்தை வாங்கினேன். ஏப்ரல் வரை அது குறையின்றி வேலை செய்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் இறுதியில் வந்த அப்டேட்டில், முகப் புள்ளிகளைக் கையால் நகர்த்தும் வசதியை எடுத்துவிட்டீர்கள். கண், புருவம், மூக்கு, உதடு, தாடை ஆகியவற்றில் புள்ளிகளைத் தானே குறித்து, அவற்றை முக்கோண வலையாக இணைத்து, அந்த வலையை இழுத்துச் சுருக்கித்தான் உங்கள் மென்பொருள் முகத்தை அசைக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அடர்ந்த மீசை மேலுதட்டை மூடியிருந்தால் உதட்டுப் புள்ளிகள் இடம் தவறும் என்பதும் தெரிந்திருக்கும். முன்பு அவற்றை மவுஸால் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துவிடுவேன். ஐந்து நிமிட வேலை. இப்போது வாய் திறக்கும்போது மீசை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மூக்கடியிலேயே நின்றுவிட, மறு பாதி கீழுதட்டோடு இறங்குகிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களில் மீசை இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆறு முறை புகார் பதிவு செய்தேன். தொலைபேசியில் பேசிய முதல் ஊழியர், என் கிராபிக்ஸ் கார்டு பழையது, அதனால்தான் இந்தக் கோளாறு என்று உறுதியாகச் சொன்னார். கடன் வாங்கி ரூ. 21,000 கொடுத்துப் புதிய கார்டு போட்டேன். மீசை அப்படியேதான் பிளந்தது. அதோடு, இது வேறு கணினி என்று கருதி மென்பொருள் என் உரிமத்தையும் முடக்கி, வீடியோவின் நடுவில் உங்கள் நிறுவனத்தின் பெயரை வாட்டர்மார்க்காகப் பதிக்கத் தொடங்கியது. பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். உரிமச் சாவியை அது ஏற்கவில்லை. இரண்டாவது ஊழியர் கணினியையே சென்னை அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்.

ஜூன் 2ஆம் தேதி சி.பி.யு.வைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, காட்பாடியிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ரயிலில் வந்தேன். உங்கள் வரவேற்பறையில் மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு வெளியே வந்தவர், போர்வையைப் பிரிக்கக்கூட விடாமல், இங்கே கணினியைப் பார்ப்பதில்லை, எல்லாம் ஆன்லைனில்தான் என்றார். வரச் சொன்னதே உங்கள் ஆள்தான் என்று குறுஞ்செய்தியைக் காட்டினேன். கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே அவர் சொன்னது இது: "சிரிக்கிறதுக்குப் பண்ற விளையாட்டுப் படம்தானே சார், இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வருவாங்களா?" இந்த ஒரு வார்த்தைக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன் என்றாலும் தவறில்லை. விளையாட்டுப் படம் என்றால் என்னிடம் ரூ. 18,500 எதற்காக வாங்கினீர்கள்? அந்த விளையாட்டில்தான் என் வீட்டு வாடகையும் என் மகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கின்றன. அவர் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. அன்றைய பணியாளர் பட்டியலைப் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஜூன் 7ஆம் தேதி வரவேற்புக்கு நான் ஒப்புக்கொண்டிருந்த வீடியோ, கம்மவான்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவருடையது. மாப்பிள்ளையின் தாத்தா, முறுக்கு மீசையுடன் சீருடையில் இளம் வயதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். இருபது நொடிக்கு, நொடிக்கு 25 வீதம் 500 பிரேம்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்த இரண்டு இரவுகள் உட்கார்ந்தும் 180க்கு மேல் முடியவில்லை. முன்பணம் வாங்கியிருந்ததால் கைவிரிக்கவும் முடியாமல், இருந்ததைக் கொடுத்துவிட்டேன். அது என் பிழைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு அடித் திரையில் அவர் முகம் கோணி, மீசை பிளந்து, நெற்றியின் குறுக்கே உங்கள் நிறுவனத்தின் பெயர் ஓடியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் தம் மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, எழுந்து, சாப்பிடாமலேயே போய்விட்டார். மீதிப் பணம் ரூ. 9,000 கேட்டு நான் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படியேறுவேன்? அடுத்த வாரமே இரண்டு கல்யாண வேலைகள் கைவிட்டுப் போயின. பதினொரு ஆண்டுகளில் சேர்த்த பெயர் ஒரே இரவில் போய்விட்டது. இனி குடியாத்தத்திலிருந்து வேலூர் வரை எந்த மண்டபத்திலும் என்னை ஏறவிட மாட்டார்கள். இந்த இழப்பு ஐந்து லட்சத்துக்குக் குறையாது.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமல்ல. தயவுசெய்து என் உரிமத்தை விடுவித்து, புள்ளிகளை நகர்த்தும் வசதியுள்ள பழைய பதிப்பைத் திரும்பத் தாருங்கள். இல்லையேல் உரிமத் தொகையையும், உங்கள் ஊழியர் பேச்சைக் கேட்டு வாங்கிய கார்டின் விலையையும் கொடுத்துவிடுங்கள். எதுவானாலும் வரவேற்பறையில் என் வேலையை விளையாட்டு என்று சொன்ன அந்த ஊழியர் எனக்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன்பின் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நான் செலுத்திய தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது. அடுத்த முறை ரயிலேற வேண்டியவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: ரசீது நகல், கார்டு வாங்கிய பில், ஆறு புகார் எண்கள், சென்னைக்கு வரச் சொன்ன குறுஞ்செய்தியின் படம், ஜூன் 7ஆம் தேதி ஓடிய வீடியோ.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
குடியாத்தம்.