கேட்பது யாரிடம், எதை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புனிதர்களின் பரிந்துரை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கத்தோலிக்கர் புனிதர்களை வழிபடுகிறார்கள் என்றும், சீர்திருத்தச் சபையார் (புராட்டஸ்டண்டுகள்) பரலோகத்தில் இருப்பவர்கள் நமக்காக ஜெபிப்பதையே நம்புவதில்லை என்றும் இரண்டு வரியில் முடித்துவிட்டது. இரண்டுமே சரியல்ல. விண்ணகத்தில் இருப்பவர்கள் நமக்காக வேண்டுகிறார்களா என்பது ஒரு கேள்வி. வேண்டச் சொல்லி நாம் அவர்களைக் கேட்கலாமா என்பது வேறு கேள்வி. ஐந்நூறு வருடச் சண்டையில் பெரும்பகுதி இரண்டாவதைப் பற்றியது. கட்டுரையாளர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

லுத்தரன் நிலைப்பாட்டை அவர்களுடைய ஏட்டிலிருந்தே பார்க்கலாம். அவர்களுடைய விசுவாச அறிக்கையான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 21ஆம் பிரிவு, புனிதர்களை நினைவுகூர்ந்து அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றலாம், ஆனால் அவர்களிடம் உதவி கேட்க வேதம் கற்பிக்கவில்லை என்கிறது. அடுத்த ஆண்டு லுத்தரின் தோழர் மெலாங்க்தன் அதற்கு எழுதிய தற்காப்புரை இன்னும் வெளிப்படையானது. வானதூதர்கள் நமக்காக வேண்டுகிறார்கள் என்று சகரியா 1:12ஐக் காட்டி ஒப்புக்கொள்கிறது. புனிதர்கள் திருச்சபைக்காகப் பொதுவில் வேண்டுவதையும், மரியாள் வேண்டுவதையும் மறுக்கவில்லை. மறுப்பது அழைப்பதை மட்டும்தான்: புனிதரை அழைக்கும்படி கட்டளையும் இல்லை, வாக்குத்தத்தமும் இல்லை, அப்படிச் செய்தவர் எடுத்துக்காட்டும் வேதத்தில் இல்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு கொண்டுவந்த மரபு இதுதான். கால்வின் வழியார் இதைவிடக் கறார். ஆங்கிலிக்கரின் 39 பிரிவுகளில் 22ஆவது இவ்வழக்கத்தை வீண் கற்பனை என்றது. ஆனால் 2005இல் ஆங்கிலிக்க-கத்தோலிக்க உரையாடல் குழு, புனிதர்களிடம் வேண்டச் சொல்லிக் கேட்பது இரு சபைகளையும் பிரிக்கும் காரணமல்ல என்று எழுதியது.

கத்தோலிக்கத் தரப்பிலும் பலர் நினைப்பதைவிட அடக்கமான வாசகமே இருக்கிறது. 1563 டிசம்பரில் திரிதெந்தின் சங்கம் (ட்ரெண்ட் நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம்) புனிதர்களை அழைப்பது 'நல்லது, பயனுள்ளது' என்றது. கட்டாயம் என்று சொல்லவில்லை. தனிச் செபத்தில் ஒரு புனிதரையும் அழைக்காத கத்தோலிக்கரை அது கண்டிக்கவில்லை. அழைப்பது சிலை வழிபாடு என்பவரைத்தான் கண்டித்தது. மூடநம்பிக்கையையும் காசு பண்ணும் பழக்கத்தையும் ஒழிக்கவேண்டும் என்று அதே ஆணையில் ஆயர்களுக்கும் உத்தரவு இருக்கிறது. அந்தப் பாதியைக் கத்தோலிக்கரான நம்மவர்கள் மேற்கோள் காட்டுவதில்லை.

தமிழில் இந்தச் சண்டை கூடுதலாக முட்டிக்கொள்வதற்குச் சொற்களும் காரணம். சீர்திருத்த மரபைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. வீட்டில் 'ஜெபம்' என்றால் அது கடவுளிடம் மட்டுமே. கத்தோலிக்க வீட்டுப் புத்தகத்திலோ 'புனித அந்தோணியாரை நோக்கிச் செபம்' என்று தலைப்பே போட்டிருக்கும். 'புனிதர் வணக்கம்' என்றால் ஒரு காதுக்கு மரியாதை, மறு காதுக்கு ஆராதனை. இத்தனைக்கும் தெருவில் எதிர்ப்படுகிற யாருக்கும் வணக்கம் சொல்கிறவர்கள் நாம்! விசுவாசப் பிரமாணத்தில் ஒருவர் 'புனிதர்களின் சமூக உறவை' என்கிறார், மற்றவர் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியத்தை' என்கிறார். மூலத்தில் ஒரே வரிதான்.

ஆகவே ஒரு செபம் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கத் தலைப்பை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். புனிதர்களின் மன்றாட்டு மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுளைப் பார்த்து 'இரக்கமாயிரும்', 'மீட்டருளும்'. புனிதரைப் பார்த்து 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'. வரிசை நெடுக இந்த வேறுபாடு மாறாது. திருப்பலித் தொடக்கத்தில் சொல்லும் பாவ அறிக்கையில் மரியாவையும் வானதூதரையும் புனிதரையும், பக்கத்தில் நிற்கும் சகோதர சகோதரிகளையும் ஒரே மூச்சில், ஒரே வினைச்சொல்லால் 'எனக்காக வேண்டிக்கொள்ள' மன்றாடுகிறோம். கத்தோலிக்க வாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். ஜூன் 13, அந்தோணியார் திருநாள் அன்றுகூட திருப்பலியின் சபை மன்றாட்டு அந்தோணியாரைப் பார்த்துப் பேசாது. தந்தையைப் பார்த்துப் பேசி, கிறிஸ்து வழியாக முடியும்.

கோணுவது நவநாள் (ஒன்பது நாள் செபம்) துண்டுப் பிரசுரங்களில். 'வேண்டிக்கொள்ளும்' மெல்ல 'தாரும்' ஆகும், பிறகு 'தந்தே தீரவேண்டும்' ஆகும். 'ஒன்பது பிரதி எடுத்து ஆலயத்தில் வை, தவறினால் தீங்கு வரும்' என்று அடியில் ஒரு வரி இருந்தால் அதைக் கிழித்துப் போடலாம். எந்தச் சபையின் போதனையும் அதற்குத் துணை நிற்காது. இந்த வினைச்சொல் சோதனை கிழக்கத்தியச் சபைகளில் அப்படியே செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைசாந்திய வழிபாட்டில் 'மிகப் புனித இறையன்னையே, எங்களை மீட்டருளும்' என்று பாடுவார்கள். உம் மன்றாட்டினால் மீட்டருளும் என்பதே பொருள் என்று அவர்கள் விளக்குவார்கள். ஆனால் புதிதாகக் கேட்பவர் திடுக்கிடத்தான் செய்வார்.

வசனச் சண்டையில் இரு தரப்பும் பொருந்தாத வசனத்தை எடுத்து வீசுவது வழக்கம். உபாகமம் 18:11 செத்தவர்களிடம் குறி கேட்பதைத் தடுக்கிறது. எந்தோரில் சவுல் அரசன் செய்தது அது. 'எனக்காக வேண்டிக்கொள்ளும்' என்பது குறி கேட்பதல்ல. மறுபக்கம், வெளிப்பாடு 5:8இல் மூப்பர்கள் ஏந்தியிருக்கும் பொற்கலசங்களைக் காட்டி வாதத்தை முடித்துவிட்டதாக நினைக்கும் கத்தோலிக்கர் உண்டு. அங்கே பரிசுத்தவான்களுடைய ஜெபங்கள் கடவுள்முன் கொண்டுபோகப்படுகின்றன. அவை மூப்பர்களிடம் சொல்லப்பட்டவை என்று வசனத்தில் இல்லை. 2 மக்கபேயர் 15:14இல் எரேமியா மக்களுக்காக வேண்டும் காட்சி தெளிவானது, ஆனால் அந்த நூலை வேதத்தில் சேர்க்காத சீர்திருத்தச் சபையாரிடம் அதைக் காட்டிப் பயனில்லை. அது வெறும் கனவு என்று மெலாங்க்தன் அப்போதே தள்ளிவிட்டார். 'மத்தியஸ்தரும் ஒருவரே' என்ற 1 தீமோத்தேயு 2:5க்கு நான்கு வசனம் முன்னால் பவுல் எல்லாருக்காகவும் மன்றாடச் சொல்கிறார். ஆகவே பிறருக்காக வேண்டுவது அந்த ஒருவரின் இடத்தைப் பறிப்பதில்லை. 'பவுல் மன்றாடச் சொன்னவர்கள் பூமியில் உயிரோடு இருப்பவர்கள், கேட்டால் அவர்கள் காதில் விழும்' என்று எதிர்த்தரப்பு பதில் சொல்லும். அதுதான் உண்மையான எதிர்ப்பு. பல ஊரில் பல மொழியில் பேசுவதை ஒரே நேரத்தில் கேட்கக் கடவுளால் அல்லவா முடியும்? இடைக்கால இறையியலார் அக்குவினாஸ் சொன்ன விடை: புனிதர்கள் தம் சொந்தத் திறமையால் கேட்பதில்லை, கடவுளைக் காண்பதில் அவர் காட்டுவதை அறிகிறார்கள். 'அப்படியானால் கடவுளிடமே நேராகச் சொல்லிவிடலாமே' என்று ஒரு லுத்தரன் கேட்டால், 'உங்கள் போதகரிடம் ஜெபக்குறிப்பு கொடுப்பது ஏன்?' என்றுதான் திருப்பிக் கேட்க முடியும். இதற்குமேல் அந்த உரையாடல் நகர்ந்து நான் அறியேன்.

கத்தோலிக்கருக்கு வசனத்தைவிட வலுவான சான்று வழக்கத்தின் பழமை. ரோமில் புனித செபஸ்தியார் நிலத்தடிக் கல்லறைச் சுவரில், 3ஆம் நூற்றாண்டில் யாரோ கீறிய வரி இன்றும் இருக்கிறது: 'பவுலே, பேதுருவே, விக்தோருக்காக வேண்டுங்கள்.' பழையதெல்லாம் சரியாகிவிடாது என்று சீர்திருத்தச் சபையார் சொல்லலாம். இடைக்காலத்துக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது.

கட்டுரை நம் மறைச்சாட்சி புனித தேவசகாயத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்ததும் ஏமாற்றம். பரிந்துரை என்பது ஆவணமாகச் சோதிக்கப்படும் இடம் புனிதர் பட்ட வழக்குதான். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் கொல்லப்பட்ட அவருக்கு, மறைச்சாட்சி என்பதால், 2012இல் அருளாளர் பட்டத்துக்கு (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) புதுமை, அதாவது அற்புதம், தேவைப்படவில்லை. 2022 மே 15 புனிதர் பட்டத்துக்கு ஒன்று தேவைப்பட்டது. குணமானதை முதலில் மருத்துவர் குழு பார்க்கும். 2016 விதிப்படி ஏழு பேரில் ஐவரோ ஆறு பேரில் நால்வரோ 'மருத்துவத்தால் விளக்க முடியாது' என்று சொல்ல வேண்டும். பிறகு இறையியலார், அந்தக் குணம் இந்த ஒருவரிடம் கேட்டதால்தானா என்று பார்ப்பார்கள். வழக்கு இங்கேதான் சறுக்கும். வீட்டார் பதறிப்போய் வேளாங்கண்ணி மாதாவையும் அந்தோணியாரையும் சேர்த்து அழைத்திருந்தால், யார் வேண்டுதல் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இன்னொரு சறுக்கல்: இறை ஊழியர் என்ற தொடக்க நிலையில் உள்ளவருக்கு ஒளிவட்டம் வரைந்து பீடத்தில் படம் வைப்பது. 17ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை எட்டாம் உர்பன் போட்ட தடை இன்றும் உண்டு. தனியாக வேண்டலாம், பொது வணக்கம் கூடாது. ஆர்வக்கோளாறில் வைக்கும் சுரூபம் வழக்கையே கெடுக்கும்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த படத்தின் கீழே 'அந்தோணியாருக்குத் திருப்பலி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பங்குகளில் 'அந்தோணியாருக்கு ஒரு பூசை' என்று பேசிக்கொள்வது உண்டு. ஆனால் மறைச்சாட்சிகளுக்கு நாம் பலி செலுத்துவதில்லை, அவர்களுடைய கடவுளுக்கே செலுத்துகிறோம் என்று அகுஸ்தீனார் எழுதியதைத்தான் திரிதெந்தும் திரும்பச் சொன்னது. 'புனித அந்தோணியார் விழாத் திருப்பலி' என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்