ரெட்டப் புள்ள விஷயமா மகளுக்கு

மகள், நோர்மலா சிசேரியனான்னு நீ கேட்டதுல இருந்து எனக்கு வேற நெனப்பே இல்ல. இங்க தோட்டத்து டிவிசன்ல ஆளுக்கொன்னு சொல்லுதுங்க, பெரியம்மா ரெட்டப் புள்ளன்னா அறுத்துதான் எடுக்கணும்ங்குறா, கீழ் லயத்து ஆயா அந்தக் காலத்துல வீட்டுக் காம்பராவுலயே ரெண்டையும் பெத்தோம்ங்குது. எதையும் காதுல போட்டுக்காத.

நான் நம்ம மிட்வைஃப் மிஸ்கிட்ட போய் உக்காந்து கேட்டேன். மொதப் புள்ள தல கீழ இருக்கான்னுதான் முக்கியமா பாப்பாங்களாம். தல கீழ இருந்து வேற கோளாறும் இல்லன்னா நோர்மலுக்கு பாக்கலாம், குறுக்க கெடந்தாலோ கால் கீழ இருந்தாலோ பெரும்பாலும் சிசேரியன், ரெண்டும் ஒரே பனிக்கொடப் பைக்குள்ள இருந்தாலும் சிசேரியன்தான். 2013ல வந்த ஒரு ஆராய்ச்சில 25 நாட்டுல 2,800 தாய்மார பாத்தாங்களாம், மொதப் புள்ள தல கீழ இருந்தவங்கதான் எல்லாரும், முன்கூட்டியே சிசேரியன்னு வச்சதால புள்ளைங்களுக்கு கூடுதலா ஒரு நன்மையும் வரலயாம். ஆனா நோர்மல்னு இருந்தவங்கள்லயும் 100க்கு 44 பேருக்கு கடைசில சிசேரியன் ஆயிருக்கு. அதனால உனக்கும் அப்படி மாறுனா மனச விட்றாத.

எனக்கு பயமெல்லாம் ரெண்டாவது புள்ளைய நெனச்சுத்தான் மகள். மொதல்ல ஒன்னு வந்ததும் உள்ள எடம் காலியாகி மத்தது திரும்பிக்கலாமாம், அப்ப டொக்டர் கைய உள்ள விட்டு கால புடிச்சு எடுக்க வேண்டி வரலாம், முடியலன்னா அந்த நிமிசமே தியேட்டருக்கு கொண்டு போகணும். ரெண்டு புள்ள சொமந்து விரிஞ்ச கருப்பை சட்டுனு சுருங்காமப் போகலாம், ரத்தம் கூடுதலா போகலாம். அதுனால ரத்தம், மயக்க மருந்து குடுக்குற டொக்டர், கொற மாசப் புள்ளைய பாக்குற வார்டு எல்லாம் ஒரே எடத்துல இருக்க ஹொஸ்பிட்டல்தான் வேணும், எப்படிப் பெக்குறதுங்குறது அதுக்குப் பொறவுதான்.

தலப்பிரசவம் தாய் வீட்டுலன்னு நீ பொகவந்தலாவைக்கு ஏறி வராத. எனக்கு ஆசை இல்லாமயா, ஆனா இந்த மழையில நோர்வூட் ரோட்டுல மண்ணு சரிஞ்சா நான் உன்ன எங்க தூக்கிட்டு ஓடுவேன். ரெட்டப் புள்ளைங்க 37 வாரத்துக்கு முன்னாடியே வர்றது சாதாரணமாம். நானே வத்தளைக்கு வந்து உன்கூட இருக்கேன், இங்க என் நாள் சம்பளப் பேரு போனா போகட்டும், கொழுந்து எங்கயும் ஓடிறாது.

அடுத்த கிளினிக்ல நச்சுக்கொடி ஒன்னா ரெண்டா, எத்தன வாரத்துல எடுப்பாங்கன்னு கேளு, மருமகனையும் கூட்டிட்டு போ. தண்ணி ஒடஞ்சாலோ ரத்தம் பட்டாலோ வலி வரட்டும்னு இருக்காத, ராத்திரியானாலும் கெளம்பிரு.

அம்மா