மதிலோரச் சருகை விட்டுவையுங்கள்

மட்டக்களப்பில் பூங்காக்களைப் பராமரிக்கும் உத்தியோகத்தர்களுக்கும் தொழிலாளர்களுக்கும்,

வணக்கம்.

மாரி தொடங்கினால் பூங்காப் பக்கம் ஆள் வராது. நான் வருவேன். விடிய ஐந்தேமுக்காலுக்கு, இரவு மழை விட்டும் விடாமலும் தூறும்போது, வாவிப் பக்க வாங்கில் குடையோடு உட்கார்ந்திருப்பேன். ஐஸ்கிறீம் மணி இல்லை. இலைக்கு இலை சொட்டும் தண்ணீர்ச் சத்தம்தான். கச்சான் காற்றில் புழுதி மூடிக் கிடந்த செவ்வரத்தை முழுகிவிட்டு வந்ததுபோல நிற்கும். பவளமல்லி உதிர்ந்து ஈர மணலில் ஒட்டிக் கிடக்கும்.

ஆறு மணியளவில் இரட்டை விசில் ஒன்று கேட்கும். ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, மாரிக்கு நம் மண்ணில் வந்து தங்கிப்போகும் விருந்தாளி. போன மார்கழியில் பத்தடி தூரத்தில் கண்டேன். பச்சை முதுகு, கண்ணில் மை தீட்டிய கோடு, வாலடியில் குங்குமச் சிவப்பு, வாலோ கட்டை. சொண்டால் ஒரு சருகைப் புரட்டும், நிற்கும், தலையைச் சாய்க்கும், அடுத்ததைப் புரட்டும். ஐந்தாவது சருகின் கீழே மண்புழு. இழுத்து விழுங்கிவிட்டு வாலை மெல்ல ஆட்டியது.

மறுநாள் அந்த இடம் கோயில் வீதிபோலக் கூட்டியிருந்தது. மூலையில் ஈரச் சருகு புகைந்துகொண்டிருந்தது. குருவி வரவில்லை.

குறை சொல்ல எழுதவில்லை. மழையில் நனைந்து கூட்டுகிறவர்களின் பாடு தெரியும். கூட்டாவிட்டால் வாங்கும் ஏச்சும் தெரியும். மாரியில் டெங்குப் பயமும் நியாயமானதே. ஆனால் அந்த நுளம்பு தேடுவது தண்ணீர் தேங்கும் யோகட் கோப்பையையும் சிரட்டையையும் பழைய டயரையும். அவற்றை ஒன்றுவிடாமல் பொறுக்குவோம், நானும் வருகிறேன். மண்ணோடு படிந்து உக்கும் சருகை மட்டும் விடுங்கள். நம்முடையது மணல்தரை, மழை கழுவிக்கொண்டு போகும் சத்தைக் கொஞ்சமாவது பிடித்துவைப்பது அந்த உக்கல்தான். 1978 நவம்பர் 23 சூறாவளியில் மரங்களைப் பறிகொடுத்த ஊர் இது. திரும்பத் தழைத்த நிழலின் சருகை நெருப்பில் போட மனம் வரவில்லை.

பாதையைக் கூட்டுங்கள், வாங்கடியைக் கூட்டுங்கள். பின் மதிலோரத்துப் பெரிய மரங்களின் கீழே மட்டும், ஐப்பசியிலிருந்து பங்குனி வரை விளக்குமாறு படவேண்டாம்.

இன்று விடிய அந்த விசில் மறுபடி கேட்டது, மதிலோரத்தில். அந்த இடத்தை இன்னும் யாரும் கூட்டவில்லை.

இப்படிக்கு,
மாரியிலும் வரும் ஒருவர்