வரி நோட்டை எடைக்குப் போடாதீர்கள்: சேலம் சீமையின் குலதெய்வக் கோயில் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலம், ஆத்தூர், ஓமலூர், சங்ககிரி வட்டாரங்களில் குலதெய்வக் கோயில்களைக் கட்டிக்காக்கும் தர்மகர்த்தாக்களே, பூசாரிகளே, பங்காளிமார்களே, வணக்கம். குடும்பத்துக்குக் குடும்பம் கோயிலுக்குக் கட்டிய வரியை எழுதிவைத்த பழைய நோட்டுகளைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் ஏற்காட்டில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தை இங்கே 'கண்டிக்காரங்க' என்பார்கள். என் பூட்டனும் பூட்டியும் சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவின் பங்கு என்று ஒதுக்கப்பட்ட 5,25,000 பேரில் என் தாத்தா குடும்பமும் ஒன்று. 1975இல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, கடைசியில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து லயத்துக்கு, அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டுக்கு, வந்து சேர்ந்தார்கள். சொந்த ஜில்லாவுக்கே திரும்பிவிட்டார்கள். ஆனால் சொந்த ஊர் எது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அப்பாயியின் தகரப் பெட்டியில் காகிதங்கள் இருந்தன. குடும்ப அட்டை, பாஸ்போர்ட், தோட்டத்தை விட்டு வரும்போது துரை எழுதிக்கொடுக்கும் பத்துச்சீட்டு. அதில் பூட்டன் பெயர், கங்காணி பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் இருந்தன. ஊர் என்று வரும் இடத்தில் மட்டும் 'சேலம்' என்ற ஒரே சொல்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றைய சேலம் ஜில்லா என்பது இன்றைய சேலம் மாவட்டம் மட்டும் இல்லை. தர்மபுரி 1965இல்தான் பிரிந்தது, நாமக்கல் 1997இல். 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. திருப்பத்தூரும் ஒரு காலத்தில் சேலத்தில்தான் இருந்தது. ஓசூரிலிருந்து போனவரும் ராசிபுரத்திலிருந்து போனவரும் காகிதத்தில் சேலத்துக்காரர்களே.

எங்கள் கதைக்கு அப்பாயிதான் நூல் பிடித்துக் கொடுத்தார். அவருடைய மாமியார், அதாவது என் பூட்டி, வீட்டில் யாருக்கு மொட்டை போட்டாலும் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து 'ஏரிக்கரை முனியப்பனுக்கு' என்று பானைக்குள் போட்டுவைப்பாராம். ஆத்தூர்ப் பக்கம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆத்தூர்ப் பக்கத்தில் ஏரி எத்தனை, ஏரிக்கரையில் முனியப்பன் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நானும் அப்பாவும் நாலைந்து மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் மலையிறங்கிப் போய் விசாரித்தோம். ஓர் அலுவலகத்தில் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேட்டைக் கேட்டபோது கரையான் அரித்துவிட்டது என்றார்கள். 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எடுத்தபோது கிராமத்துக் கணக்குகள் கைமாறின. அதில் எது எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்ல ஆளில்லை. ஒரு கோயிலில் இன்னும் வேதனை. கும்பாபிஷேகத்துக்கு வெள்ளையடித்தபோது பழைய நோட்டுகளை எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்களாம். எத்தனை வருஷத்து நோட்டு என்று கேட்டேன். "அது இருக்கும், தாத்தா காலத்துது" என்றார் பூசாரி. அன்றைக்கு பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் ஒரு நாள் எங்கள் கோயில் கிடைத்தது. தலைக்கட்டு வரி எழுதிய நீள நோட்டு ஒன்றைப் பெரியவர் ஒருவர் வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். பிரஜோற்பத்தி வருஷம், அதாவது 1931. பூட்டன் பெயர், அவர் அப்பா பெயரோடு. பக்கத்தில் 'கண்டி' என்று எழுதி, கீழே 'தம்பி கட்டியது, நாலணா'. அடுத்த வருஷமும் அப்படியே. தாரண வருஷம், 1944 வரை, பதினான்கு வருஷம் அண்ணனுக்கும் சேர்த்துத் தம்பி வரி கட்டியிருக்கிறார். தாரணத்துக்கு அடுத்த பக்கத்தில் தம்பியின் இடத்தில் அவர் மகன் பெயர் வந்துவிட்டது. அதோடு பூட்டன் பெயரும் நின்றுவிட்டது. கடிதம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஆனால் இங்கே ஒருவர் பதினான்கு வருஷம் அண்ணன் வருவார் என்று இருந்திருக்கிறார். அரசாங்கத்தின் எந்தக் காகிதமும் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என்னைப் போல இன்னும் பலர் வருவார்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மட்டும் ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் போனார்கள். அதில் பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. பிஜிக்குப் போனவர்களின் சீட்டுகளிலும் அப்படியே, உடம்பில் உள்ள தழும்பு முதற்கொண்டு. மொரீஷியசில் போட்டோவே இருக்கிறது. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியதால் ஊர்ப் பெயர்கள் உருக்குலைந்து கிடக்கின்றன. டர்பனிலிருந்து வருகிறவருக்குத் தமிழ் பேச வராது, தன் பாட்டன் பெயரையே தப்பாகத்தான் உச்சரிப்பார். அவர் கையில் உள்ள பாதிக் காகிதத்துக்கு மறுபாதி உங்கள் பரணில் இருக்கிறது.

நோட்டைக் காட்டச் சிலர் தயங்குகிறீர்கள். ஏன் என்று எங்கள் பங்காளி ஒருவரே என்னிடம் மனம்விட்டுச் சொன்னார்: காட்டினால் நாளைக்கு நிலத்தில் பங்கு கேட்டு வருவார்களோ என்ற பயம். நியாயமான பயம்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று யோசியுங்கள். கடல் கடந்து நாலு தலைமுறை ஆனபிறகு ஒருவர் இவ்வளவு செலவு செய்து வருவது ஒரு காணி நிலத்துக்காக இருக்காது. எனக்கு வேண்டியிருந்தது பூட்டனின் அப்பா பெயர். அது கிடைத்த அன்று அப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

வரும் நோன்பிக்குக் கூடும்போது, கணக்கு முடித்த கையோடு பழைய நோட்டுகளை வெளியே எடுங்கள். வீட்டுப் பிள்ளைகள் கையில் இருக்கும் போனிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடலாம். லேமினேஷன் செய்யவேண்டாம், பிளாஸ்டிக் பையும் வேண்டாம், ஈரம் பிடித்துவிடும். பருத்தித் துணி போதும். கண்டி, மலேயா, நேட்டால் என்று போனவர்கள் யார் யார் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். பெண்களையும் எழுதுங்கள். என் பூட்டியின் பெயர் அந்த நோட்டில் ஒரு இடத்திலும் இல்லை. அவர் பிறந்த ஊரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தோட்டங்களுக்குப் போனவர்களில் பலர், ஊர்க் கோயிலில் வரி கட்டவே விடப்படாத சேரி மக்கள். அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் இருக்காது. அவர்களுடைய தெய்வங்களுக்குப் பம்பை அடித்துப் பாடும் பூசாரிகளின் நாக்கில்தான் அந்த வம்சாவளி இருக்கிறது. அந்தப் பூசாரிகள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தெருவுக்குப் போய் உட்கார்ந்து, அவர்கள் பாடுவதைப் பதிவுசெய்யுங்கள். தேடி வருகிறவரிடம் முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்காதீர்கள், நன்கொடை ரசீதையும் நீட்டாதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள்.

எந்தக் கோயிலிலாவது படம் எடுக்க ஆளில்லை என்றால் சொல்லியனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இறங்கி நானே வருகிறேன். பழைய கையெழுத்தும் தமிழ் எண்களும் இப்போது எனக்கு ஓரளவு படிக்க வருகிறது.

இப்படிக்கு,
கண்டிக்குப் போனவரின் கொள்ளுப்பேத்தி,
ஏற்காடு