சயான் கோலிவாடாவிலிருந்து ஜெயாவுக்கு

மும்பை
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஜெயா,

செல்வியை மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டோம், மனச்சோர்வு மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார் என்று நேற்று ராத்திரி நீ சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. போனில் நிறையப் பேச முடியவில்லை. உன் பக்கத்தில் அத்தான் இருந்தார், இங்கே டிவி அலறிக்கொண்டிருந்தது. நடுவில் உன் மாமியார், “பிள்ளைக்கு யாரோ செய்வினை வச்சிருக்கா” என்று சொன்னது எனக்கே கேட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் நீ மட்டும் படி. அப்புறம் அத்தானுக்குக் காட்டு. செல்வி கேட்டாலும் கொடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

எங்கள் பாட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பில்டிங்கை இடித்துக் கட்டப் போகிறார்கள். கையெழுத்துப் போடாமல் பாக்கி இருக்கும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. பில்டர் தருகிற வாடகையில் எங்கே வீடு கிடைக்கும் என்று இவர் காகிதத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறார். முத்து புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், சனிக்கிழமை அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நிற்பான். மழை விடவில்லை. வீடு முழுக்க ஈரத்துணி வாடை.

செல்வி ராத்திரியெல்லாம் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள், உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, “தோலைக் கழட்டிப் போட்டுட்டு ஓடணும் போல இருக்கும்மா” என்கிறாள் என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டதும்தான் நான் பதறிப்போய் உன்னை அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொன்னேன். டாக்டர் எழுதியிருக்கிற அகதீசியா அதுதான். இது கவலையில் வருகிற தவிப்பு இல்லை. மருந்து தொடங்கும்போதோ, அளவை மாற்றும்போதோ, சிலருக்கு மருந்தை விடும்போதோ உடம்புக்குள் கிளம்புகிற ஒரு பரபரப்பு. மனநோய்க்குக் கொடுக்கிற வேறு சில மாத்திரைகளில்தான் இது அதிகம். மனச்சோர்வு மாத்திரையிலும் வரும். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை சும்மா நடக்கிற மாதிரிதான் தெரியும். உள்ளே இருக்கிறவளுக்கு அது தாங்க முடியாதது. அந்த நேரத்தில்தான் “செத்துரலாம்” என்று வாயில் வரும். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ அடங்கிவிடும், அடக்குவதற்கென்றே மருந்தும் இருக்கிறது. ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ‘ஒரு மாதம் கழித்து வா’ என்று எழுதியிருக்கிறதே என்று ஒரு மாதம் காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

இளவயதுக்காரர்களுக்கு இந்த முதல் வாரங்கள் கொஞ்சம் ஆபத்தானவைதான், உலகத்துக்கே தெரிந்த விஷயம். அமெரிக்காவில் மருந்துகளைக் கட்டுப்படுத்துகிற எஃப்டிஏ, 2004-இல் மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. சிறுவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கு என்றால், நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 பேருக்கு வந்திருந்தது. அந்த ஆய்வுகளில் யாரும் சாகவில்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2007-இல் எச்சரிக்கையை 24 வயது வரை நீட்டினார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் அப்படிக் கூடவில்லை. செல்விக்கு இருபதுதானே. டாக்டர் இதை முதல் நாளே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்கேயும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் மாத்திரையே சாப்பிட மாட்டார்கள் என்று பயப்படுகிறார்களாம். சொல்லாமல் விட்டால் பாதியில் தூக்கி எறிவார்கள் என்று ஏன் பயப்பட மாட்டேன் என்கிறார்களோ!

அத்தான் மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்கிறார் என்றாயே, அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவரிடம் இதைச் சொல்லு. நீ அனுப்பிய பட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஸ்ஸிடலோப்ராம், குளோனசிபாம் என்று இரண்டு பெயர் இருக்கிறது. ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. இதை நிறுத்தினால் இரண்டும் ஒன்றாக நிற்கும். எஸ்ஸிடலோப்ராம் மனச்சோர்வுக்கு. குளோனசிபாம் தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுப்பது, வாரக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். பழகினபிறகு பட்டென்று நிறுத்தினால் தூக்கம் போய், கை நடுங்கி, சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அடுத்த தடவை போகும்போது, ‘இதில் குளோனசிபாம் எத்தனை நாளைக்கு, எப்படிக் குறைப்பீர்கள்’ என்று கேள். முறைத்தாலும் கேள்.

இனி என் கதை. அம்மா போனபிறகு நான் படுத்த படுக்கையானது உனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்டதும் தெரியும். வென்லாஃபாக்சின் என்று பெயர். அந்த மாத்திரைதான் என்னை எழுப்பி உட்காரவைத்தது, அதில் சந்தேகமே இல்லை. வாய் வறண்டது, ராத்திரி தலையணை நனைகிற மாதிரி வேர்த்தது, இவரோடு சேர்ந்திருக்கிற ஆசையே அற்றுப்போனது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். உனக்குத் தெரியாதது அதை விட்டபோது நடந்தது.

நல்லாகிவிட்டாய், போதும் என்றார் அப்போதைய டாக்டர். ஒரு வாரம் பாதி, அடுத்த வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் நிறுத்திவிடு என்று சீட்டில் எழுதினார். எழுதியபடியே செய்தேன். ஒருநாள் விட்ட அன்றைக்குச் சாயங்காலம் லோக்கலில் வந்துகொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ஒரு அம்மா பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பினேன், மண்டைக்குள் சுரீரென்று கரண்ட் அடித்தது. மறுபடி கண்ணைத் திருப்பினால் மறுபடி சுரீர். வலி இல்லை, ஆனால் அந்த ஒரு நொடி நான் எங்கே இருக்கிறேன் என்றே பிடிபடாது. இறங்குகிற வரைக்கும் கழுத்தோடு சேர்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அடுத்தடுத்த நாளில் தலைசுற்றல், குமட்டல், ராத்திரி கண்ணை மூடினால் அவ்வளவு கோரமான கனவு. குழம்பு பொங்கி வழிந்ததற்கு உட்கார்ந்து அழுதேன். முத்துவின் தட்டைத் தூக்கி எறிந்தேன்.

டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? பழைய நோய் திரும்பிவிட்டது, ஆயுசுக்கும் மாத்திரைதான் என்றார். இவரோ, நான் மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன் என்றார். இரண்டையும் நம்பினேன். அங்கேதான் ஜெயா எனக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா போனபோது இருந்தது துக்கம். அதில் சாகவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது வேறு. இனிமேல் மாத்திரை சாப்பிட்டாலும் நான் இல்லை, விட்டாலும் நான் இல்லை, மிச்சம் இருக்கிறவர்களுக்கு நான் எதற்கு என்று ஒரு கணக்கு. அழுகைகூட இல்லை. எனக்குப் பிறகு பிஎஃப் பணம் யார் பெயருக்கு வரும், கேஸ் சிலிண்டர் புத்தகம் எந்த டிராயரில் இருக்கிறது என்று இவருக்குச் சொல்லிவைக்க வேண்டும், இப்படி நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நிதானம்தான் பயங்கரம். வீட்டில் எல்லோரும், ‘பரவாயில்லை, கத்துவது குறைந்திருக்கிறது’ என்றார்கள்.

கண்டுபிடித்தது தாராவி மதினிதான். உனக்கு நினைவிருக்கும், இவருடைய அக்கா, நம் கல்யாணங்களில் பந்திக்கு நின்று அதட்டுகிறவர். ஒரு மத்தியானம் வந்து, என்னோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலேயே கேட்டார், “ஏட்டி, செத்துரணும்னு தோணுதா உனக்கு?” ஆமாம் என்றேன். கத்தவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை, பிள்ளை முகத்தைப் பாரு என்று சொல்லவில்லை. “எம்புட்டு நாளா?” என்றார். சொன்னேன். “அதுக்கு என்னமும் யோசிச்சு வச்சிருக்கியா?” என்றார். அதையும் சொன்னேன். அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை. என் பக்கத்திலேயே படுத்தார். மறுநாள் காலையில் முனிசிபல் ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் எடுத்து, வரிசையில் எனக்காகச் சண்டை போட்டு, என்னை உள்ளே தள்ளிவிட்டார்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று நேற்று நீ இழுத்தாய். அப்படி ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்றுதான் ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. எனக்கு அவர் கேட்டதில் பாரம் பாதி இறங்கியது. அதனால் செல்வியிடம் சுற்றி வளைக்காமல் கேள். ‘அப்படியெல்லாம் யோசிக்க மாட்டாய்தானே’ என்று கேட்காதே. அவள் ‘இல்லை’ என்றுதான் சொல்வாள்.

அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயதுப் பெண் டாக்டர். நான் சொன்னதைத் தேதி போட்டு எழுதினார். குறைத்த ஓரிரு நாளில் ஆரம்பித்ததா என்று கேட்டார். கரண்ட் அடித்ததா என்று அவராகவே கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பழைய நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரம், மாதம் என்று மெல்ல மெல்ல வரும், அதில் இந்தக் கரண்ட் இருக்காது, இது மருந்தை விட்டதால் வந்தது என்றார். வென்லாஃபாக்சின் சில மணி நேரத்திலேயே உடம்பை விட்டுப் போக ஆரம்பித்துவிடுமாம். ஃப்ளுவாக்செடின் மாதிரி மாத்திரை என்றால் வாரக்கணக்கில் தங்குமாம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் எனக்குத் தினமும் ஏற்றமும் இறக்கமும்தான். பழைய அளவை மறுபடி கொடுத்தார். சில நாளிலேயே தலை நின்றது. அந்த இருட்டும் விலகியது, அதைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. எவ்வளவு யோசித்து எடுத்த முடிவு என்று நினைத்திருந்தேன், அது ரசாயனக் குறைவில் வந்தது!

அப்புறம் மெதுவாகக் குறைத்தோம். ஹாரோவிட்ஸ், டெய்லர் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் லான்செட் சைக்கியாட்ரியில் எழுதிய கட்டுரை ஒன்றைப் பற்றி அவர் சொன்னார். மூளையில் இந்த மருந்தின் வேலை அளவோடு நேர்கோட்டில் போவதில்லை. பெரிய அளவில் பாதியைக் குறைத்தாலும் அதிகம் தெரியாது, சின்ன அளவில் துளி குறைத்தாலே பெரிய மாற்றம். மச்சிலிருந்து இறங்கும்போது மேல்படியெல்லாம் விரற்கடையும் கடைசிப் படி மட்டும் இடுப்புயரமும் என்றால் எப்படி இறங்குவாய்? அதனால் கடைசியில்தான் ரொம்ப நிதானம் வேண்டும். ஹாரோவிட்ஸ் தானே இந்த மாத்திரையை விட்டுத் தவித்தவராம். ஒன்றிரண்டு வாரத்தில் தானே சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த இங்கிலாந்து மனநல மருத்துவர்களும் அந்த வருஷம்தான், சிலருக்கு இது கடுமையாகவும் நீண்ட நாளும் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார்களாம். எனக்குக் கடைசி அளவு இன்னும் பாக்கி இருக்கிறது. அவசரம் இல்லை. பில்டிங் விவகாரம் முடியட்டும் என்று டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன்.

ஆகையால் மாத்திரையே விஷம் என்கிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை, ஒன்றும் செய்யாது சாப்பிடு என்கிறவர்களோடும் சேர முடியவில்லை. தொடங்குகிற நாட்கள், அளவை மாற்றுகிற நாட்கள், விடுகிற நாட்கள், இந்த மூன்றிலும் பிள்ளையைத் தனியாக விடாதே. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு நோட்டில் மாத்திரை கொடுத்த நேரம், எவ்வளவு தூங்கினாள், எப்போது நடக்க ஆரம்பித்தாள் என்று எழுதிவை. டாக்டரிடம் வாயால் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மாத்திரைப் பட்டை உன் இடுப்புச் சாவியோடு இருக்கட்டும். தோட்டத்துப் பூச்சிமருந்து எல்லாவற்றையும் இன்றைக்கே உன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிப் பூட்டச் சொல்லு. இது பிள்ளையைச் சந்தேகப்படுவது இல்லை. சென்னையில் 1986-இல் தற்கொலையைத் தடுப்பதற்கென்று சிநேகா அமைப்பை ஆரம்பித்த டாக்டர் லட்சுமி விஜயகுமார், கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் பூட்டிவைக்கச் செய்து பார்த்தவர். அந்த நேரத்து வேகம் தணிகிற வரை கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

ராத்திரியில் அவளுக்கு முடியவில்லை என்றால் 14416-க்குப் போன் செய். டெலி-மானஸ் என்று மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அவளே பேசலாம், அவளுக்காக நீயும் பேசலாம். ஏதாவது செய்துவிடுவாள் என்று பட்டால் போன்கூட வேண்டாம், நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அத்தான் பயப்படுகிறாரே, 2017-இல் வந்த மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அதைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் இல்லை. மாமியாரிடம் மட்டும் மல்லுக்கு நிற்காதே. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப் போகவேண்டும் என்றால் போய்விட்டு வாருங்கள். மாத்திரையையும் கையோடு எடுத்துக்கொண்டு போ.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான் காட்டுகிறது, தத்காலில் முயன்று பார்க்கிறார். நான் வந்தால் ராத்திரிக் காவல் எனக்கு, நீ தூங்கு. செல்விக்கு இப்போது எதைச் சாப்பிட்டால் வாந்தி வருகிறது என்று எழுது, அதைத் தவிர்த்து ஏதாவது செய்து கொண்டுவருகிறேன். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்களா?

அன்புடன்,
உன் வசந்தா